சிபேப் போட்டுத் தூங்கும்போது காலையில் தலைசுற்றினால்

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்காமலிருக்க, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு தருவது சிபேப் மெஷின். அதை வைத்துத் தூங்குகிறவருக்குக் காலையில் தலைசுற்றினால், வீட்டில் எல்லோருடைய சந்தேகமும் முதலில் அந்த மெஷின் மேல்தான் விழும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. "மூக்குல ராத்திரி பூரா காத்த அடிச்சா தலை சுத்தாம என்ன பண்ணும்?" என்று மாமியார் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான். ஆனால் காரணம் தெரியும் முன்பே மெஷினை ஓரங்கட்டியிருந்தால், உண்மையான காரணங்கள் இரண்டும் அப்படியே இருந்திருக்கும், பழைய மூச்சடைப்பும் திரும்பி வந்திருக்கும். இதே நிலையில் இருக்கும் யாருக்காவது பயன்படும் என்றுதான் நடந்ததை எழுதுகிறேன்.

எனக்கு வயது ஐம்பத்து மூன்று. திருச்சியில் பள்ளி ஆசிரியை. பிபிக்குப் பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். குறட்டை எப்போதிலிருந்து என்று எனக்கே தெரியாது. பெண்கள் குறட்டை விட்டால் வீட்டில் அதை யாரும் நோயாகப் பார்ப்பதில்லை, வெளியே பேசவும் கூச்சப்படுவார்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்குத் தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதை டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். காலையில் தலைபாரம், விடைத்தாள் திருத்தும்போது கண் செருகுவது, இரவில் அடிக்கடி எழுந்து பாத்ரூம் போவது, மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை போட்டும் இறங்காத பிபி என்று எல்லாவற்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். தூக்கப் பரிசோதனையில் ஏஹெச்ஐ 34 என்று வந்தது. தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு பத்து விநாடிக்குக் குறையாமல் நின்றது, அல்லது வெகுவாகக் குறைந்தது என்பதன் கணக்கு அது. 5க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 30ஐத் தாண்டினால் கடுமையான வகை.

மெஷின் வந்ததும் பலன் சீக்கிரமே தெரிந்தது. தலைபாரம் போனது. இரவில் எழுந்து போவது குறைந்தது. மதியத்துக்குப் பிறகும் ஆறாவது பீரியடில் தெளிவாக நின்று கணக்கு நடத்த முடிந்தது. இவ்வளவு நன்றாக இருந்த நேரத்தில்தான் தலைசுற்றல் ஆரம்பித்தது.

முதலில் வந்தது விடியற்காலையில். விழித்து, படுக்கையில் வலது பக்கமாகத் திரும்பினேன். எதிரே சுவரில் மாட்டியிருந்த காலண்டர் மேலும் கீழுமாக ஓடியது. கட்டில் கவிழ்வதாகவே தோன்றி, தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வயிற்றைப் புரட்டியது. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. எழுந்து உட்கார்ந்ததும் மறுபடி கொஞ்சம். பல் துலக்கும்போது ஒன்றுமில்லை. அப்புறம் தினமும் இதே கதை. சில நாள் இன்னொரு விதமாகவும் வந்தது. கட்டிலை விட்டு எழுந்து நான்கு அடி வைப்பதற்குள் கண் இருட்டிக்கொண்டு வரும், கால் துவளும், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். "பித்தம் தலைக்கேறிடுச்சும்மா, இஞ்சிச் சாறுல தேன் கலந்து வெறும் வயித்துல குடி" என்றார் மாமியார். பெங்களூரிலிருந்து மகள், "அம்மா, அந்த மெஷின ரெண்டு நாள் ஆஃப் பண்ணிப் பாரேன்" என்றாள். கணவர் மெடிக்கலுக்குப் போய்த் தலைசுற்றலுக்கு என்று கேட்டு ஒரு அட்டை மாத்திரையோடு வந்தார். புரோக்ளோர்பெரசின் என்று போட்டிருந்தது. நம் ஊரில் தலைசுற்றல் என்று சொன்னால் இதையோ, சின்னரிசினையோ, பீட்டாஹிஸ்டினையோ சீட்டு இல்லாமலே கொடுத்துவிடுகிறார்கள். இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. புரோக்ளோர்பெரசினை நாள் கணக்கில் தொடர்ந்து சாப்பிடும் வயதானவர்களுக்கு கை நடுக்கம், நடை தளர்வு என்று பார்க்கின்சன் நோய்க்கு உரிய அறிகுறிகளே வரலாம். என்ன காரணத்தால் சுற்றுகிறது என்று தெரியாமல் சுற்றலை மட்டும் அமுக்கி வைப்பதால் ஒரு பயனும் இல்லை.

கணவரிடம், "என்னங்க, டாக்டரப் பாக்குற வரைக்கும் இத எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டு ஒரு பழைய நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு முறையும் எத்தனை மணிக்கு வந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், எவ்வளவு நேரம் இருந்தது, முந்தைய இரவு என்னென்ன மாத்திரை போட்டேன், மாஸ்க் நழுவியதா, கரண்ட் போனதா என்று குறித்து வைத்தேன். பின்னால் மூன்று டாக்டர்களிடம் போனபோதும் இந்த நோட்டுதான் அதிகம் பேசியது. தலைசுற்றல் உள்ளவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

மெஷின் மேல்தான் முதல் சந்தேகம் என்பதால் முதலில் நுரையீரல் மருத்துவரிடம் போனோம். இந்த மெஷின்கள் ஒவ்வோர் இரவின் கணக்கையும் எழுதி வைக்கின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. சிறிய கார்டிலோ போன் ஆப்பிலோ அது இருக்கும். எத்தனை மணி நேரம் போட்டிருந்தேன், அப்போதும் எத்தனை முறை மூச்சு நின்றது, காற்று எவ்வளவு கசிந்தது, அழுத்தம் எவ்வளவு வரை ஏறியது என்று எல்லாம் அதில் வருகிறது. டாக்டர் அதைத் திரையில் திறந்து எங்களுக்கும் காட்டினார்.

மெஷினால் தலைசுற்றல் வர வழி உண்டா என்று நேராகவே கேட்டேன். உண்டு என்றார். அழுத்தம் தேவைக்கு மேல் இருந்தால் சிலருக்கு ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடும். மூச்சு விடச் சொல்லி மூளை கட்டளை அனுப்புவதே அந்த வாயுவின் அளவைப் பார்த்துத்தான். அது குறைந்தால் கட்டளை தாமதமாகும், தொண்டை திறந்தே இருந்தும் மூச்சு நிற்கும். ரிப்போர்ட்டில் இதைச் சென்ட்ரல் என்று தனியாகக் காட்டும். சிகிச்சை தொடங்கிய புதிதில் சிலருக்கு இப்படி வந்து, வாரங்கள் போகப் போகத் தானாகவே அடங்கிவிடும். அடங்காதவர்களுக்கு மெஷினின் வகையையே மாற்ற வேண்டியிருக்கும். அதுபோல, மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் வழியாக அழுத்தம் ஏறினால் காது அடைத்த உணர்வும் லேசான தள்ளாட்டமும் வரலாம். சளி பிடித்திருக்கும்போது இது அதிகம்.

என் ரிப்போர்ட்டில் ஏஹெச்ஐ 3க்குக் கீழே வந்திருந்தது. சென்ட்ரல் எண்ணிக்கை மிகக் குறைவு. ஒன்றே ஒன்று மட்டும் டாக்டர் கண்ணில் பட்டது. மெஷினை விற்றவர்கள் அழுத்தத்தை 4 முதல் 20 வரை திறந்தபடியே விட்டிருந்தார்கள். தானாக ஏறி இறங்கும் மெஷின்கள் கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். எனக்கு 11க்கு மேல் தேவைப்பட்டதே இல்லை. மாஸ்க் கசிந்த இரவுகளில் மட்டும் மெஷின் குழம்பி அழுத்தத்தை வீணாக ஏற்றியிருந்தது. அந்த நாள்களில் காலையில் வாய் உலர்ந்து, வயிறு காற்றால் உப்பியிருந்ததாக என் நோட்டிலும் இருந்தது. அவர் அதை 7 முதல் 12 வரை என்று சுருக்கினார், மாஸ்க்கையும் ஒரு அளவு சின்னதாக மாற்றினார். வயிற்று உப்பசம் போய்விட்டது. தலைசுற்றல் போகவில்லை.

மாமியாரின் பயத்தைப் பற்றியும் டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, பொறுமையாக விளக்கினார். மெஷினிலிருந்து வருவது நம் அறையில் இருக்கும் அதே காற்று. ஆக்சிஜன் சிலிண்டர் எதுவும் அதில் கிடையாது, மருந்தும் கலப்பதில்லை. 1981ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் இந்த முறையை முதன்முதலாக வெளியிட்ட நாளிலிருந்து அடிப்படை இதுதான். 10 என்று மெஷினில் காட்டுவது பத்து சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. தொண்டைச் சதை ஒட்டாமல் பிடித்து வைக்க அது போதும். வீட்டுக்கு வந்து மாமியாரிடம் இதைச் சொன்ன பிறகு அவர் மெஷினை முறைத்துப் பார்ப்பதை நிறுத்தினார்.

அந்த டாக்டர்தான் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "எப்படிச் சுத்துதுங்கறத அப்புறம் சொல்லுங்க. எப்போ வருது, என்ன செஞ்சா வருது, எவ்வளவு நேரம் நிக்குது, அத மொதல்ல சொல்லுங்க" என்றார். இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன என்று அவருக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. படுக்கையில் திரும்பும்போது வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்குவது ஒன்று. எழுந்து நின்ற பிறகு வருவது இன்னொன்று. முதலாவதுக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும், இரண்டாவதுக்கு பிபி பார்க்கும் டாக்டரிடமும் அனுப்பினார்.

இ.என்.டி. டாக்டரிடம் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தெரியாமல் போனால் பயந்துவிடுவோம். என்னைக் கட்டிலில் நீட்டி உட்கார வைத்து, தலையை வலது பக்கம் பாதித் திருப்பி, அப்படியே சட்டென்று பின்னால் படுக்க வைத்தார். தலை கட்டிலின் விளிம்புக்குக் கீழே கொஞ்சம் தொங்கியது. கண்ணை மூடக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். இரண்டு மூன்று விநாடி ஒன்றுமில்லை. பிறகு அறையே சுழன்றது. கண்மணி தானாகத் துடித்துச் சுழல்வதை அவர் கவனித்துக்கொண்டிருந்தார். "பயப்படாதீங்க, நான் பிடிச்சிருக்கேன், இப்போ நின்னுடும்" என்றார். நின்றது. இடது பக்கம் செய்தபோது எதுவும் வரவில்லை. லண்டனில் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952ல் எழுதிய பரிசோதனை இது. ஸ்கேன் கிடையாது, செலவு கிடையாது, சில நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

நம் உள்காதில், உடம்பு சாய்வதை உணர்த்துவதற்காகச் சுண்ணாம்புச் சத்தால் ஆன மிக நுண்ணிய படிகங்கள் ஒரு பையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வயது ஆக ஆக, அல்லது தலையில் அடிபட்டால், சில படிகங்கள் பெயர்ந்து பக்கத்தில் இருக்கும் அரைவட்டக் குழாய்க்குள் போய்விடும். தலையைத் திருப்பும்போது அவை உருண்டு உள்ளே இருக்கும் திரவத்தை அசைக்கும். நாம் சுழல்வதாக மூளைக்குப் பொய்ச் செய்தி போகும். ஐம்பது வயதைக் கடந்த பெண்களுக்கு இது அதிகம். ஆங்கிலச் சுருக்கமாக பிபிபிவி என்று சீட்டில் எழுதுவார்கள்.

இதற்கு எப்லி முறை என்று ஒரு சிகிச்சை இருக்கிறது. அமெரிக்காவின் போர்ட்லண்டில் இருந்த ஜான் எப்லி என்ற காது மருத்துவர் கண்டுபிடித்தது. தலையையும் உடலையும் குறிப்பிட்ட வரிசையில் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ வைத்திருந்து, வழிதவறிய படிகங்களைக் குழாயிலிருந்து பழைய பைக்கே கொண்டு சேர்ப்பார்கள். மருந்து இல்லை, ஊசி இல்லை. எனக்குச் செய்து முடித்ததும் கொஞ்ச நேரம் தலை மிதந்தது. மறுநாள் காலை வலது பக்கம் திரும்பினேன். காலண்டர் அசையவில்லை.

எதனால் வந்தது என்று கேட்டேன். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் தெரிவதில்லை என்றார். என் நோட்டில் ஒரு விஷயம் இருந்தது. மெஷினைக் கட்டிலின் வலது பக்க ஸ்டூலில் வைத்திருந்ததால், ட்யூப் இழுபடாமல் இருக்க இரவு முழுக்க வலது பக்கமே படுத்திருந்தேன். எப்போதும் ஒரே பக்கம் படுப்பவர்களுக்கு அந்தப் பக்கக் காதில் இது வருவது அதிகமாகக் காணப்பட்டிருக்கிறது என்று அவர் சொன்னார். உறுதியாக அதுதான் என்று சொல்ல முடியாது, ஆனாலும் மாற்றிப் படுப்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை. இப்போது ட்யூபைத் தலைமாட்டில் ஒரு கொக்கியில் மேலிருந்து தொங்கவிட்டிருக்கிறோம். எந்தப் பக்கமும் திரும்பலாம். ரத்தத்தில் வைட்டமின் டி பார்க்கச் சொன்னார், குறைவாகத்தான் இருந்தது. குறைவாக உள்ளவர்களுக்கு அதைச் சரிசெய்தால் இந்தத் தலைசுற்றல் திரும்ப வருவது குறைகிறது என்று கொரியாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2020ல் வெளியானது. திருச்சி வெயிலில் குடியிருந்துகொண்டு வைட்டமின் டி குறைவா என்று ஆச்சரியமாக இருந்தது. வீட்டிலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து வீடு, நடுவில் ஆட்டோ என்று வாழ்ந்தால் வெயில் எங்கே படும்?

ஒன்று தீர்ந்தது. எழுந்து நின்றால் கண் இருட்டுவது மட்டும் அப்படியே இருந்தது. சிபேப் போடும் பிபிக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

தூக்கத்தில் மூச்சு அடைபடும் ஒவ்வொரு முறையும் உடம்பு அதை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் பாய்கிறது, ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, பிபி எகிறுகிறது. ஒரு மணி நேரத்தில் முப்பது தடவைக்கு மேல் இப்படி நடந்தால், சாதாரணமாக இரவில் இறங்க வேண்டிய பிபி இறங்குவதே இல்லை. அந்த இறுக்கம் பகலிலும் தொடர்கிறது. என் பிபி அடங்காமல் இருந்ததால்தான் மாத்திரை ஒன்றிலிருந்து மூன்றானது. டெல்மிசார்ட்டன், ஆம்லோடிபின், நீர் பிரிக்கும் குளோர்தாலிடோன் மூன்றும் சேர்ந்தது. அதையும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டிருந்தேன்.

மெஷின் வந்ததும் மூச்சடைப்பு நின்றது. அந்த இறுக்கமும் தளர்ந்தது. ஆனால் மாத்திரையின் அளவு பழைய பிபிக்கு எழுதியது. சிபேப் போட்டால் பிபி எல்லோருக்கும் சரசரவென்று இறங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். சராசரியாகப் பார்த்தால் இரண்டு மூன்று புள்ளிகள்தான். மூன்று மருந்து போட்டும் அடங்காத பிபி உள்ளவர்கள், மெஷினைத் தினமும் முழு இரவும் போட்டால் அதைவிட நன்றாக இறங்க வாய்ப்பு உண்டு. என் விஷயத்தில் இன்னும் சில காரணங்களும் சேர்ந்தன. உடம்பில் தெம்பு வந்ததால் மாலையில் நடக்கத் தொடங்கியிருந்தேன். எடை கொஞ்சம் குறைந்திருந்தது. ஊறுகாய், அப்பளத்தை நிறுத்தியிருந்தேன். எல்லாமாகச் சேர்ந்து பிபியைக் கீழே கொண்டுவந்திருந்தன. மாத்திரை மட்டும் மாறவில்லை.

பிபி டாக்டர் வீட்டிலேயே அளந்து வரச் சொன்னார். எப்படி என்றால், காலையில் விழித்ததும் எழாமல் ஐந்து நிமிடம் படுத்திருந்து அளக்க வேண்டும். பிறகு எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்று நிமிடத்தில் ஒருமுறை. பக்கத்தில் யாராவது இருப்பது நல்லது. நின்ற பிறகு மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ அது கவனிக்க வேண்டிய இறக்கம். கணவர்தான் அளந்தார். படுத்திருக்கும்போது 118க்கு 74. நின்று ஒரு நிமிடத்தில் 94க்கு 62. க்ளினிக்கில் நாற்காலியில் உட்கார வைத்து அளந்தபோதெல்லாம் 120 என்று அழகாக வந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கவலையாக இருக்கும். இரவில் பாத்ரூம் போக எழுந்து, கண் இருட்டி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பெரியவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

டாக்டர் ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், ஹீமோகுளோபின், சர்க்கரை எல்லாம் பார்த்துவிட்டு, நீர் பிரிக்கும் மருந்தை நிறுத்தினார், மீதி இரண்டையும் காலைக்கு மாற்றினார். சில வாரம் தினமும் அளந்து எழுதிவரச் சொன்னார். பிபி ஏறவில்லை. நின்றால் இருட்டுவது படிப்படியாக நின்றுபோனது. இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையைக் குறைக்கவோ நேரத்தை மாற்றவோ வேண்டாம். சில பிபி மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் பிபி பழையதைவிட மேலே பாயும். நீங்கள் செய்ய வேண்டியது, சிபேப் தொடங்கியிருக்கிறேன் என்பதை பிபி டாக்டரிடம் சொல்வதும், படுத்தும் நின்றும் அளந்த எண்களைக் கையில் கொண்டுபோவதும்தான். நுரையீரல் டாக்டர் ஒருவர், பிபி டாக்டர் ஒருவர் என்று இருக்கும்போது இந்தச் செய்தி தானாக அங்கே போய்ச் சேராது. புராஸ்டேட் வீக்கத்துக்காக டாம்சுலோசின் போன்ற மாத்திரை சாப்பிடும் ஆண்களும், பல வருடச் சர்க்கரை நோய் உள்ளவர்களும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்கும் எழுந்து நின்றால் பிபி இறங்கும் தன்மை உண்டு.

எழுந்திருக்கும் விதத்தையும் மாற்றிக்கொண்டேன். விழித்ததும் மெஷினை அணைத்து மாஸ்க்கைக் கழற்றி, படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவேன். பக்கவாட்டில் சாய்ந்து, கையை ஊன்றி உட்கார்ந்து, கட்டில் ஓரத்திலேயே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, கொஞ்சம் பொறுத்துத்தான் நிற்பேன். இதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம் கூட இல்லை.

என் காரணங்கள் இவை. உங்களுடையது வேறாக இருக்கலாம். காத்திருப்பு அறையிலும் மாஸ்க் வாங்கும் இடத்திலும் மற்றவர்களோடு பேசியதில் தெரிந்த சிலவற்றையும் டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மாஸ்க்கில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். நாம் விடும் மூச்சு வெளியேற வேண்டிய வழி அது. அதிலிருந்து வரும் காற்று பக்கத்தில் படுத்திருப்பவர் முகத்தில் அடிக்கிறது என்று ஒருவர் பிளாஸ்டர் ஒட்டி வைத்திருந்தாராம். அப்படிச் செய்யவே கூடாது. விட்ட மூச்சையே திரும்ப இழுத்தால் காலையில் தலைவலியும் கிறுகிறுப்பும் வரும். துளையில் அழுக்கு அடைத்தாலும் இதே கதைதான், மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள்.

கரண்ட் போவது நம் ஊருக்கே உரிய பிரச்சினை. கோடையில் நடு ராத்திரி டிரான்ஸ்ஃபார்மர் போனால் மெஷின் நின்றுவிடும், மாஸ்க் மட்டும் முகத்தில் இருக்கும். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்குகளில், மெஷின் நின்றால் திறந்துகொண்டு வெளிக்காற்றை விடும் வால்வு வைத்திருக்கிறார்கள். அது சுத்தமாக, ஒட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் படுக்கையறை பிளக்கை இன்வெர்ட்டரில் சேர்த்துவிட்டோம். புதிதாக வாங்குவதானால் சைன் வேவ் இன்வெர்ட்டரே வாங்குங்கள். பேட்டரியில் ஓடும்போது ஈரப்பதம் தரும் ஹீட்டரை அணைத்து வைத்தால் வெகு நேரம் தாங்கும், கரண்டை அதிகம் இழுப்பது அந்த ஹீட்டர்தான்.

மாஸ்க் போட ஆரம்பித்த புதிதில் மூக்கு ஒழுகும், தும்மல் வரும். அதற்கென்று ராத்திரி அலர்ஜி மாத்திரை போடுகிறவர்கள் நிறைய. அந்த மாத்திரைகளில் பல, காலை வரை தலையைக் கிறங்கடிக்கும். ஈரப்பத அளவைக் கூட்டினாலே பாதிப் பேருக்கு மூக்கு சரியாகிவிடும் என்று மாஸ்க் பொருத்தித் தருபவர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் சரியானது. தூக்க மாத்திரையும் மதுவும் தொண்டைச் சதையைத் தளர்த்தி மூச்சடைப்பையே கூட்டுபவை. தலைசுற்றலுக்கு அவையும் காரணமாகலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தூக்கத்தில் மூச்சடைப்பு உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல். விழிக்கும்போதே விடாமல் சுற்றிக்கொண்டிருந்து, கூடவே பேச்சு குழறினாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு பக்கக் கையோ காலோ மரத்துப் போனாலோ, பார்ப்பது இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, பிடிக்காமல் நிற்கவே முடியாவிட்டாலோ, இதுவரை வராத கடும் தலைவலி வந்தாலோ நோட்டில் எழுதிக்கொண்டு உட்கார வேண்டாம். உடனே 108க்கு அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பித்தம் என்று இஞ்சிச் சாறு குடித்துக் காத்திருக்கும் நேரம் அது இல்லை. நெஞ்சு வலி, மயங்கி விழுவது இரண்டுக்கும் இதேதான். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றோ மறுநாளோ இ.என்.டி. டாக்டரைப் பார்த்துவிடுங்கள். அதற்கான மருந்தை முதல் சில நாளுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

படிகம் பெயர்ந்து வரும் தலைசுற்றல் திரும்ப வரக்கூடியது என்று இ.என்.டி. டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். எனக்கும் வந்தது, இந்த முறை இடது பக்கம் திரும்பும்போது. எந்தக் காது என்று தெரியாமல் வீடியோ பார்த்து வலது காதுக்குச் செய்யும் வரிசையைச் செய்திருந்தால் பயன் இருந்திருக்காது என்பதால் நேராக அவரிடமே போனேன். இடது காதுக்கு எப்லி செய்தார். சில இடங்களில் இதற்குப் பிறகு இரண்டு நாள் உட்கார்ந்தபடியே தூங்கச் சொல்வது உண்டு. மாஸ்க் போட்டுக்கொண்டு எப்படி உட்கார்ந்து தூங்குவது என்று கவலையோடு கேட்டேன். அதெல்லாம் தேவையில்லை, வழக்கம்போல மெஷின் போட்டுப் படுக்கலாம் என்றார். அன்றிரவும் போட்டுத்தான் படுத்தேன்.